கூட்டிவரப் போனவன் கண்ட தவறணைகள்

கண்டிக்குச் சரக்கு எடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகள், துணிக்கட்டைக் கட்டி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள். இங்கே குடிக்க எந்தத் தவறணை நல்லது? நான் வேலை பார்க்கிற புடவைக்கடையின் முதலாளி ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் காதில் விழக்கூடாது என்று மற்றச் சிப்பந்திகள் கண்ணால் என்னைக் காட்டுவார்கள். நான் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, வாசல் வரை போய், கையால் வழி காட்டிவிட்டுத் திரும்புவேன். இவனும் நம் ஆள்தான் என்பதுபோல் அவர்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். நான் ஒரு சொட்டும் குடித்தவன் அல்லன் என்று எவரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கே வெட்கமாக இருக்கும்.

தவறணைகளை நான் அறிந்தது அண்ணனால்தான். அண்ணன் தையற்காரர். தோட்டத்துத் துரைமாருக்குக் காற்சட்டையும் கோட்டும் தைத்துக் கொடுக்கும் கடையொன்றில் இருந்தார். அவருக்கு மாலைக்கண். எங்கள் அப்பாவுக்கும் அது இருந்தது. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா இருந்த காலத்தில், பொழுது சாய்ந்தால் அம்மாதான் கையைப் பிடித்து லயத்து வீட்டுக்குக் கூட்டிவருவாராம். அண்ணனுக்குப் பகலில் ஊசிக் கண்ணில் நூல் கோப்பதில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் மங்கியதும் எதிரில் நிற்கிறவன் முகமே தெரியாது. அதனால் மற்றவர்களுக்கு முன்பே தையலை நிறுத்திவிடுவார். நிறுத்தியதும், கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே தவறணைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். போகத் தெரியும். திரும்பத்தான் தெரியாது. கடையைப் பூட்டியதும் நான் போய்க் கூட்டிவர வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் தொடங்கிய வேலை அது. நாள்தோறும் துணியை விரித்து மடித்து விரித்து மடித்து, தோள் இற்றுப்போன பிறகு எனக்கு இருந்த இரண்டாவது வேலை.

ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி ஐயா மீன் எண்ணெய் கொடுத்தார். அண்ணன் சில காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கீரையும் சாப்பிட்டார். ஒன்றும் தெளியவில்லை. கண் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அண்ணியிடமும் என்னிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“கண்ணு தெரியாத தையக்காரன்கிட்ட எவன் துணி குடுப்பான்? குடிகாரன்னு சொல்லிட்டுப் போகட்டும். குடிகாரத் தையக்காரன் தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். யாரும் வேலை குடுக்காம விட்டாங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே சுவரைத் தடவிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்த ஊர், அவரைப் பெரிய குடிகாரர் என்றே எண்ணியது. உண்மையில் அவர் குடித்தது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் ஒரு நாளும் குடிக்காமல் இருந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குடிக்கிறவன் ஒரு தவறணையைப் பார்க்கிற கண் வேறு, கூட்டிப்போக வருகிறவன் பார்க்கிற கண் வேறு. சாராயம் எங்கும் ஒரே மாதிரிப் பீப்பாயில்தான் வருகிறது. எனக்கு அதில் பேச்சில்லை. வாசலில் படி உண்டா, படிக்குக் கீழே சாக்கடைக் கான் மூடியிருக்கிறதா, விளக்கு உள்ளே மட்டும் எரிகிறதா, தெருவிலும் கொஞ்சம் விழுகிறதா, காத்து நிற்கிறவன் மழைக்கு ஒதுங்க ஓரிடம் இருக்கிறதா, இவைதான் என் கணக்கு. இந்தக் கணக்கில் பார்த்தால் கண்டியில் நல்ல தவறணைகள் மிகச் சிலவே.

ஏரிக்கரையில் வெள்ளைக்காரர் தங்கும் பெரிய ஹோட்டலின் குடிசாலையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மேசைவிரிப்புக் கட்டு ஒன்றை ஒப்படைக்கப் போன இடத்தில் பக்கக் கதவு திறந்திருந்தது. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்த பலகை, பித்தளைக் கம்பி, ஓசை இல்லாமல் நடக்கிற பரிசாரகர்கள். துரைமார் கதிரைகளில் சாய்ந்திருந்தார்கள். வெளியே மோட்டார் வண்டிகளுக்குப் பக்கத்தில் சாரதிகள் குந்தியிருந்தார்கள். ஹேவாஹெட்டவுக்கும் அதற்கு அப்பாலும் மலை ஏறி, துரைமாரை வீட்டில் இறக்கிவிட வேண்டியவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் சாதி மனிதர் அவர்தான் என்று பட்டது. அண்ணனுக்கு அங்கே இடம் இல்லை. ஆகவே எனக்கும் இல்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே பியர் விற்கும் இடம் ஒன்று இருந்தது. சலவைக்கல் மேசைகள், கம்பி வளைத்த கதிரைகள். வெளிச்சத்தைச் சொன்னால் கண்டியிலேயே அதுதான் முதல். ஆனால் கோட்டுப் போட்டவர்களுக்குத்தான் மரியாதை. அண்ணன் ஒருமுறை, கடைக்காரர் ஒருவருக்காகத் தைத்து முடித்த கோட்டைச் சரிபார்ப்பதாகச் சொல்லி, தானே போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரரே அடுத்த மேசையில் இருந்தார். அவர் தம் கோட்டை அறியவில்லை. தையல் நன்றாக இருக்கிறதே, யாரிடம் தைத்தீர்கள் என்று அண்ணனைக் கேட்டாராம். அண்ணன் தான் வேலை பார்க்கும் கடையின் பேரைச் சொல்லிவிட்டு எழுந்துவந்தார். வீட்டுக்கு வரும்வரை என் தோளைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பேராதனைப் பாதையில் பள்ளத்தில் இறங்கினால் ஒரு கள்ளுத் தவறணை. தென்னங்கிடுகுக் கூரை, உட்கார நீள வாங்குகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பகலில் போனால் நல்ல இடம் என்று வியாபாரிகளுக்கு நான் சொல்வேன். மாலையில் கள் புளித்துவிடும், மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் ஆடு கூட ஏறாது. அண்ணனை முதுகில் சுமக்காத குறையாக அங்கிருந்து ஏற்றிவந்திருக்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரம் உள்ளதும் அழகுதான். பின்பக்கம் நின்றால் மகாவலி தெரியும். மாலைக்கண்காரனைக் கூட்டிவரப் போகிறவன் அழகைப் பார்ப்பதில்லை, தண்ணீருக்கு எத்தனை அடி என்றுதான் பார்ப்பான். பிலிமத்தலாவையில் வண்டிக்காரர்கள் கூடுகிற ஒன்று உண்டு. அங்கே வாசல் முழுக்க மாடுகள் படுத்திருக்கும்.

எல்லாவற்றிலும் நல்லது எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில், சந்தைக்குப் பின்னால் இருந்த சாராயத் தவறணை. பார்வைக்கு ஒன்றுமில்லை. சுண்ணாம்பு உரிந்த சுவர், உயரமான பலகை, அதற்குப் பின்னால் பீப்பாய், அவித்த முட்டை வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. வாசலில் படி இல்லை, கானுக்கு மேல் கல் போட்டிருந்தது. அவித்த கடலை விற்கிற பெண்ணின் விளக்கு சந்தின் முனையில் எரியும். அங்கே ஊற்றிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து மனிதர். குத்தகைக்காரர் எங்கோ இருந்தார். கடையை நடத்தியது இவர்தான். நரைத்த மீசை, சுத்தமான வேட்டி, யாரையும் பேர் சொல்லி அழைக்க மாட்டார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றால், அவர் அந்த மனிதரின் கிளாசை எடுத்து, பலகையில் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்த கிளாசில் அன்றைக்கு யார் கேட்டாலும் ஊற்ற மாட்டார். சண்டை பிடித்தாலும் ஊற்ற மாட்டார். பக்கத்தில் நிற்கிறவர்களும் தங்கள் கிளாசிலிருந்து பங்கு கொடுக்கக்கூடாது. வேறு எந்தத் தவறணையிலும் நான் இதைக் கண்டதில்லை. மற்ற இடங்களில் கூட்டிவரப் போகிறவனைக் கண்டால், பொண்டாட்டி வந்திருக்கிறாள் என்று சிரிப்பார்கள். உட்காரு, நீயும் ஒன்று போடு என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் வாசலுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே போய்க் கூப்பிட எனக்கு வாய் வராது. இந்தக் கடையில் நான் கூப்பிடவே வேண்டியதில்லை. என் தலை வாசலில் தெரிந்தால் போதும்.

“ஆளுக்கு இண்டைக்குக் காணும், இனிப் போதும்” என்பார் அவர். பிறகு அண்ணனைப் பார்த்து, “ஐயா, உம்மட கண் வந்திட்டுது.”

அண்ணனின் கண் விஷயம் வெளியாட்களில் அவருக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். நாள்தோறும் பார்க்கிறவர், பார்த்தே அறிந்திருப்பார். நான் பிந்துகிற நாட்களில் அண்ணனைச் சுவரோரம் வாங்கில் இருத்தி, யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில்தான் வாக்கெடுப்பு வந்தது. அந்த ஆண்டுகளில் ஊருக்கு ஊர் தவறணைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் குடியிருக்கும் ஆண்கள் ஓரிடத்தில் கூடி, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் உத்தியோகத்தர் முன்னால், தவறணையை மூட வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று வாயால் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் இதற்கு முன்னின்று உழைத்தவர் நாங்கள் பூசைக்குப் போகும் வேதக்கோவிலின் பள்ளிக்கூடத்து வாத்தியார். நல்ல மனிதர். அவருடைய தகப்பன் குடித்தே செத்தவர் என்று சொல்வார்கள். தம் காசில் மெழுகுதிரி வாங்கி, கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடத்தினார்.

அப்படி ஒரு கூட்டத்தில் நான் கடைசி வாங்கில் இருந்தேன். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம், அவர் கையில் எத்தனை அருமையான தொழில் இருக்கிறது, அந்தக் கையைக் கெடுத்தது எது என்று வாத்தியார் கேட்டார். முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்று, அது சாராயம் அல்ல, கண் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அண்ணனின் தொழில் போகும். சொல்லாமல் இருந்தால் தவறணை போகும். தவறணை போனால் அண்ணன் குடியை விடப்போவதில்லை. தூரமாகப் போவார். தூரம் போனால் திரும்பிவர இருட்டு. ஏரி இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, மோட்டார் பஸ்கள் இருக்கின்றன. நான் எத்தனை தூரம் போய்த் தேடுவேன்? இதை எல்லாம் எழுந்து சொல்வதற்கு நான் வேறு மனிதனாகப் பிறந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாக்கெடுப்பில் ஒரு விதி இருந்தது. பேர் பதிந்த ஆண்களில் பெரும்பங்கினர் நேரில் வந்து மூடச் சொன்னால்தான் மூடுவார்கள். வராமல் வீட்டில் இருக்கிறவன், தவறணை இருக்கட்டும் என்று சொன்னதாகவே கொள்ளப்படுவான். இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதல். என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல சட்டம் உண்டா? பேசாமல் பாயில் படுத்திருந்தால் போதும். ஆனால் வாத்தியாருக்கும் அந்த விதி தெரியும். வாக்கெடுப்பு நாளில் பூசை முடிந்ததும் வீடு வீடாக வந்து, ஒவ்வொரு ஆணையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றார். அண்ணனைப் பார்த்து, “நீங்க வரணும் மாஸ்டர். நீங்க வந்தா பத்துப் பேரு வந்த மாதிரி” என்றார். அண்ணன் பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நானும் பின்னால் போனேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மேசை. உத்தியோகத்தரும் எழுதுகிறவரும் இருந்தார்கள். பக்கத்தில் வாத்தியார், கதவோரம் கோவில் சாமியார், யன்னல்களில் பெண்கள். அண்ணியும் ஒரு யன்னலில் நின்றார். வரிசையைப் பார்த்தேன். சந்துத் தவறணையின் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தலைக்கு எண்ணெய் பூசி, வெள்ளை வேட்டி கட்டி, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். பலகையில் சாய்ந்து அரசியல் பேசுகிற ரொட்டிக் கிடங்கு மனிதர், பாட்டுப் படிக்கிற ரிக்‌ஷாக்காரர், எல்லோரும் மேசைக்கு முன்னால் போய், சாமியாரை ஒருமுறை பார்த்து, மூட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். அண்ணன் போனார். அவரும் அதையே சொன்னார். நல்ல உரத்த குரலில் சொன்னார். வாத்தியார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் முறை வந்தது. எழுதுகிறவர் பேரைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இருக்கட்டும்” என்றேன்.

கேட்கவில்லை என்று அவர் காதைக் காட்டினார். வாத்தியார் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். “தம்பி பயந்து பேசுறாரு. மூடணும்னா மூடணும்னு சொல்லுங்க. இதுல பயம் ஒண்ணும் இல்ல.”

“விளங்கித்தான் சொல்றேன் சார். இருக்கட்டும்.”

என் வாழ்க்கையில் நான் பேசியதை இத்தனை பேர் கேட்டது அன்றுதான். எழுதுகிறவர் எழுதினார். வாத்தியார் முகத்தில் கோபத்தைவிட ஏதோ ஒரு குழப்பம்தான் இருந்தது. தான் குடிக்காத ஒருவன், தன் அண்ணன் குடித்து அழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான் என்று நினைத்திருப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்? கடைசியில் உத்தியோகத்தர் எண்ணிப் பார்த்து, மூடுவதற்கு வேண்டிய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டார். நான் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நாளும் போகாமல் இருக்க முடியாதவர், எந்த வாயால் மூடச் சொன்னார் என்று கேட்டார்.

“வேற என்னத்தச் சொல்ல? ஒரு பக்கம் வாத்தியாரு, ஒரு பக்கம் சாமியாரு. யன்னல்ல நீ வேற எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிற. மத்தவன்க இருக்கட்டும்னு சொல்லுவான்கன்னு நெனச்சேன்.”

“அவன்க பொண்டாட்டிமாரும் யன்னல்லதான நின்னாங்க.”

அண்ணன் அதை யோசிக்கவில்லை. அந்த வரிசையில் நின்ற எவரும் யோசிக்கவில்லை. எல்லோரும் தங்கள் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, தவறணையை மற்றவன் காப்பாற்றுவான் என்று விட்டுவிட்டார்கள். குடிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மூடிய தவறணை அது. அண்ணன் சிரித்தார். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. இனி அண்ணன் எங்கே போவார் என்ற நினைப்பு எனக்கு.

தவறணை பூட்டிய மாலையில் நான் வழக்கம்போல் போய் வாசலில் நின்றேன். பலகை துடைத்து வைத்திருந்தது. பீப்பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்து மனிதர் வெளியே வந்தார்.

“வாக்கெடுப்பைக் கேள்விப்பட்டனான். என்ர கடையில ஒரு சொட்டும் குடியாத ஒரே ஆள் நீர். கடை இருக்கட்டும் எண்டு சொன்ன ஒரே ஆளும் நீர்தான்” என்றார். பிறகு அவரைக் குத்தகைக்காரர் கெலிஓயாவில் உள்ள தவறணைக்கு மாற்றியிருப்பதைச் சொன்னார். அண்ணன் அங்கே வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தூரம் என்றார்.

பார்த்துக்கொள்ள என்னால் முடியுமா? இரண்டொரு மாதம் அண்ணன் இங்கும் அங்கும் அலைந்து பார்த்தார். எங்கும் மனம் ஒட்டவில்லை. கடைசியில் கெலிஓயாவுக்கே போகத் தொடங்கினார். மதியத்துக்குப் பின் தையலை நிறுத்திவிட்டு, ரயில் கோச்சியில் ஏறிவிடுவார். யாழ்ப்பாணத்து மனிதர் மாலைக் கோச்சிக்குத் துணைக்கு ஒரு ஆள் சேர்த்து அனுப்பிவிடுவார். நான் கண்டி நிலையத்தில் வெளிச்சமான இடத்தில் நின்று இறக்கிக்கொள்வேன். என் நடை கூடிப்போனது. கடையில் முதலாளி ஒரு நாள், “என்ன தம்பி, நின்டுகிட்டே தூங்குறீங்க?” என்று கேட்டார். மல் துணியைக் கிழிக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் கிழித்திருந்தேன். அவர் அந்தத் துண்டைக் கழிவுத் துணியோடு போட்டார். அவருக்கும் ஊர்க்கதை தெரிந்திருக்கும். கோவிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அப்போது தள்ளி உட்கார்ந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. தூங்க இடம் கிடைத்தது.

மழைக்காலத்தில் ஒரு மாலை, அண்ணன் கோச்சியில் வரவில்லை. எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நின்று பார்த்தேன். பிறகு கம்பளைப் பக்கம் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கெலிஓயாவில் இறங்கி ஓடினேன். யாழ்ப்பாணத்து மனிதர் என்னைக் கண்டதும் முகம் வெளுத்தார். அண்ணன் கோச்சிக்கென்று நேரத்தோடு வெளிக்கிட்டவர் என்றார். அன்று கூட்டிப்போக வேறு ஆள் கிடைக்கவில்லை, நிலையம் கிட்டத்தானே, எனக்குப் பாதை கையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அண்ணன் தனியே போயிருக்கிறார். கடைக்காரர் லாந்தரை எடுத்துக் கொடுத்து, கடையைப் பூட்டிப்போட்டு நானும் வாறன் என்றார். நான் நிற்கவில்லை.

நிலையத்தில் அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். தண்டவாளத்தின் வழியே நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சிலிப்பர் கட்டைகளில் கால் வழுக்கியது. கூப்பிடவேண்டும் என்று தெரியும். அண்ணே என்று வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. அந்த ஆளில்லாத இடத்தில்கூட எனக்கு உரக்கக் கூப்பிட வரவில்லை. எதிர்ப்பக்கமிருந்து கோச்சி வந்துவிடுமோ என்று காதை மட்டும் தீட்டிக்கொண்டு நடந்தேன்.

ஓயா ஆற்றுக்கு மேலே உள்ள சிறிய பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கம்பு. நிலையத்து மேடையைத் தவறவிட்டு, தண்டவாளத்தைக் கம்பால் தட்டிக்கொண்டே நடந்திருக்கிறார். ஓரிடத்தில் கம்புக்கு முன்னால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தம்பியா? நடக்கிற சத்தத்திலயே தெரிஞ்சிச்சு” என்றார். பிறகு, “இங்கன நான் உக்காந்திருக்கிறது பாதையிலயா, பாதைக்கு வெளியிலயா?”

பாதையில்தான் என்றேன். கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் கை குளிர்ந்துபோயிருந்தது. பாதி வழியில் யாழ்ப்பாணத்து மனிதர் எதிரே வந்தார். அவர்தான் பஸ் நிற்கும் இடம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

நடந்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் வழியில் கேட்டுக்கொண்டார். அண்ணி அவருடைய வேட்டியில் இருந்த கரியையும் எண்ணெய்க் கறையையும் பார்த்தார். தண்டவாளத்தில் படிந்த கறை எது என்று கண்டியில் பிறந்த எவருக்கும் தெரியும். அவர் அழவில்லை. சோறு போட்டார். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு என்னிடம் சொன்னார்.

“தம்பி, இவரு போகாம இருக்கப் போறதில்ல. நீங்களும் தேடாம இருக்கப் போறதில்ல. நாம அங்க போயிருவோம்.”

எங்கே என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

“கெலிஓயாவுக்குத்தான். பள்ளிக்கூடம் கிட்டன்னு வீடு பாக்கிறாங்க, கோயில் கிட்டன்னு பாக்கிறாங்க. நாம தவறணை கிட்டன்னு பாப்போம். யாரும் கேட்டா, ரயிலுக்குக் கிட்டன்னு சொல்லிக்கலாம்.”

அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு வெட்கம். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது மிகவும் குறைவு. தான் இனிக் குடிக்கப்போவதில்லை என்று மெல்லச் சொன்னார். அண்ணி சோற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து மனிதரே வீடு பிடித்துக் கொடுத்தார். கடைத்தெருவில் ஓர் அறையும் பின்னால் அடுப்படியும். முன்னறையில் அண்ணன் மெசினைப் போட்டுக்கொண்டார். துரைமார் காற்சட்டைகள் வராது. கெலிஓயாவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம்களின் சட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடுப்புகள், தோட்டத்துக் கங்காணிமாரின் கோட்டுகள் வந்தன. வருவாய் குறைவுதான். அங்கே யாருக்கும் அவரைப் பற்றி முன்கதை தெரியாது. கண்டியில் எங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வாத்தியார் ஒருமுறை கடைக்கு வந்து பிள்ளைகளுக்குத் துணி எடுத்தார். அண்ணனைப் பற்றிக் கேட்டார். சுகமாக இருக்கிறார் என்றேன். வெள்ளைத் துணியில் கொஞ்சம் கூடுதலாக விட்டு அளந்து கொடுத்தேன். அவருக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் தூரம் கூடியது. விடியக் கோச்சி பிடித்துக் கண்டிக்கு, மாலையில் கோச்சி பிடித்துக் கெலிஓயாவுக்கு. பெட்டிக்குள் நின்றுகொண்டே வரவேண்டிய நாட்கள்தான் அதிகம். இப்போதும் அப்படியே.

குடிவந்து சில நாட்களில், முதலாளி தம் வீட்டுக் கலியாணத்துக்காகக் கடையை நேரத்தோடு மூடினார். நான் கெலிஓயாவில் இறங்கியபோது வெளிச்சம் மங்கும் நேரம். தவறணைக்கு எதிரே உள்ள சில்லறைக் கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வெளியே வந்தார். தனியாக வந்தார். வலது கையைக் கடைகளின் அடைப்புப் பலகைகளில் வைத்து, ஒவ்வொரு பலகையாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். ஒரு கடை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கொஞ்சம் நின்றார். பிறகு காலை நீட்டிப் பார்த்து எட்டி வைத்தார். நான் பின்னால் கொஞ்சத் தூரம் விட்டு நடந்தேன். என் நடையின் சத்தம் கேட்கக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். எங்கள் வாசல் வந்ததும் அவர் கை பலகையை விட்டது. அண்ணி அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். மழை வரும் போலிருக்கிறது, நேரத்தோடு வந்தது நல்லது என்று சொல்வது கேட்டது.

நான் தெருவில் நின்றேன். போய்க் கூட்டிவர யாரும் இல்லை. கால்கள் திடீரென்று இரும்பாய்க் கனத்தன. உள்ளே போய், சட்டையைக்கூடக் கழற்றாமல், மெசினுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். சாப்பிட எழுப்பினார்களாம். அண்ணன் தொட்டு எழுப்பியும் நான் அசையவில்லையாம். மறுநாள் கோச்சி போன பிறகுதான் கண் விழித்தேன்.